மூக்காயியின் கைப்பேச்சு

கஜலட்சுமி அழிக்க உட்கார்ந்தால் விக்கித் தளமே நடுங்கும் என்று டக்ளஸ் அண்ணன் சொல்வார். கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப்பொய் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட போட்டோக் கொப்பியும் டைப்பிங்கும் செய்கிற சின்னக் கொமினிகேஷன் கடை அவளுடையது. கடையில் ஆள் குறைந்த நேரத்தில் அதே கம்பியூட்டரில் அவள் பார்ப்பது சம்பளமில்லாத வேலை. கண்டியையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றி ஊர்க்காரர்களே தமிழில் எழுதிச் சேர்க்கிற ‘நம்ம கண்டி’ விக்கியை அவள்தான் துப்புரவாக வைத்திருக்கிறாள்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் எழுதத்தான் செய்வார்கள். தெல்தெனியவில் சந்தை எந்த நாள், அலவத்துகொடைக்குக் கடைசி பஸ் எப்போது, எந்த அரசாங்கக் கந்தோரில் தமிழில் கேட்டால் பதில் வரும் என்று உருப்படியாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மச்சான் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைப் பற்றி மூன்று பந்தி எழுதிவிட்டுக் காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். பந்தல் பக்கத்துக்கு வேறெந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இருக்காது. வழி காட்ட ஆள் இல்லாததால் அங்கே யாரும் போய்ச் சேர்வதும் இல்லை. அந்த மாதிரிப் பக்கத்தை விக்கிக்காரர்கள் உறவிலி என்பார்கள். உறவிலிகளைத் தேடிப் பிடித்து, பொருத்தமான இடத்திலிருந்து இணைப்புக் கொடுப்பதும், இடமே இல்லையென்றால் நீக்குவதும் கஜலட்சுமியின் பொறுப்பு. இன்ன பக்கத்தை நீக்குங்கள் என்று யாராவது வேண்டுகோள் போட்டால் அதற்கும் அவள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு வந்த வேண்டுகோள் சுருக்கமாக இருந்தது. “மூக்காயியின் கைப்பேச்சு என்ற பக்கம் என்னுடைய அம்மாவைப் பற்றியது. அம்மா சார்பாகக் கேட்கிறேன். உடனடியாக நீக்கவும். யோகராஜ், கடுகண்ணாவை.”

கஜலட்சுமி பக்கத்தைத் திறந்தாள். ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண், கொண்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டு, கமராவை நேராக முறைத்துக்கொண்டு நின்றாள். படத்துக்குப் படம் கை மட்டும் மாறியது. ஒவ்வொன்றின் கீழும் பொருள் எழுதியிருந்தது. வயிறு எரிகிறது. இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் போய்விட்டதா? கொஞ்சம் பொறுங்கள், யோசிக்கிறேன். பக்கத்தின் தலையில் நாலு வரி இருந்தது: “மூக்காயிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பள்ளிக்கூடம் போனதில்லை. இது அவர் தானாகவே உண்டாக்கிக்கொண்ட பேச்சு. தயவுசெய்து அவசரப்படாமல் பாருங்கள்.” எழுதியவள் பெயர் டிலானி. பக்கத்தைப் போட்ட பிறகு அவள் விக்கிப் பக்கமே தலைகாட்டவில்லை. பட்டியலில் பார்த்தால், சந்தேகமே இல்லை, சுத்தமான உறவிலி.

டக்ளஸ் அண்ணன் போன் எடுத்தார். தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவளோடு சேர்ந்து விக்கியைப் பார்த்துக்கொள்கிறவர், அதன் விதிகளைச் செபமாலை உருட்டுகிற மாதிரி உருட்டுகிறவர்.

“கஜா, பாத்தீங்களா? இணைப்பும் இல்ல, குடும்பத்து ஆளே வேணாம்ங்கிறாரு. ரெண்டு பக்கமும் கேஸ் தோத்துப் போச்சு. அழிச்சிருங்க.”

“அழிக்கத்தான் போறேன் அண்ணே,” என்றாள் அவள். உண்மையாகவே அழிக்கத்தான் போனாள். ஆனால் ‘அம்மா சார்பாக’ என்ற வார்த்தை அவள் கண்ணில் உறுத்தியது. அவள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் யாரோ ஒருவர் சார்பாகத்தான் வருவார்கள். பெண்சாதி சார்பாகப் புருஷன், தங்கச்சி சார்பாக அண்ணன். சம்பந்தப்பட்ட ஆள் வாசலில் நிற்கும், உள்ளே கூப்பிட்டுக் கேட்டால் கதை வேறாக இருக்கும். இதைப் பார்த்துப் பார்த்துக் கஜலட்சுமிக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவள் பக்கத்தின் பார்வைக் கணக்கைத் தட்டினாள். வழியே இல்லாத அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர். அண்மையில் கூட்டமாக வந்திருந்தார்கள். இது என்ன கூத்து என்று டிலானிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டோஹாவிலிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். “அக்கா, அது எங்க பெரியம்மாங்க. கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாசாமாசம் நான்தான் கூட்டிட்டுப் போவேன். வெளிநாடு வர்றப்ப யாரு கூட்டிட்டுப் போவான்னு நெனச்சு நெனச்சு அழுதேன். அப்பறம்தான் இந்தப் பக்கத்த போட்டேன். அவங்க போன்ல அத தொறந்து நர்ஸ் மிஸ்மார்கிட்ட நீட்டுவாங்க. இப்ப தனியா போயிட்டு வர்றாங்க அக்கா. போன தடவ ஒத்துக்காத மாத்திரைய சொல்லி மாத்தி வாங்கிட்டாங்க, அவங்களாவே. அத அழிச்சுறாதீங்க, புண்ணியமா போகும்.”

கஜலட்சுமி அந்தப் பதிவை இரண்டு தரம் கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. இணைப்பு இல்லையென்று தான் அழிக்க இருந்தது ஒரு மனுஷியின் வாயை. டக்ளஸ் அண்ணனுக்கு எதுவும் சொல்லாமல் யோகராஜின் நம்பரைத் தேடி எடுத்துக் கடைக்கு வரச் சொன்னாள்.

யோகராஜ் பிஸ்கட் கம்பனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறவன். கட்டுகஸ்தோட்டைக்குச் சரக்கு இறக்க வந்த நாளில், வேனை ஓரங்கட்டிவிட்டு வந்தான். சண்டைக்கு வருவான் என்று கஜலட்சுமி தயாராக இருந்தாள். அவன் கதிரையில் உட்கார்ந்து கையைப் பிசைந்தான்.

“மிஸ், நான் கெட்ட எண்ணத்துல கேக்கல்ல. இத பாருங்க.” போனை நீட்டினான்.

டிக்டொக் வீடியோ. ஒரு சலூனில் மூன்று இளந்தாரிகள் துண்டைக் கொண்டைபோல் தலையில் கட்டிக்கொண்டு, மூக்காயியின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அதேபோல் கையை ஆட்டினார்கள். வயிறு எரிகிறது என்பதற்கு ஒருத்தன் தரையில் விழுந்து உருண்டான். பின்னால் ஒரு குத்துப்பாட்டு. பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

“கடுகண்ணாவையில நான் வேன நிப்பாட்டுனா போதும், எவனாவது வயித்துல கைய வச்சுக் காட்டுறான். சிங்களப் பொடியனும் காட்டுறான், நம்ம ஆளும் காட்டுறான். எங்க அம்மாவ பாத்து ஊரே சிரிக்குதுங்க. கிளினிக்குக்கு நான் லீவு போட்டு கூட்டிட்டுப் போறேன். பக்கம் வேணாம்.”

அவன் கண் கலங்கியிருந்தது. கஜலட்சுமிக்கு அவன்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“அம்மாகிட்ட கேட்டீங்களா தம்பி?”

“அவங்களுக்கு இந்த வீடியோவே தெரியாது. தெரியவும் வேணாம்.”

“பக்கத்த அழிக்கிறது?”

“அதயும் நான் பாத்துக்கிறேன்.”

“அப்ப அம்மா சார்பாகன்னு எதுக்கு எழுதுனீங்க? ஒங்க சார்பான்னு எழுதியிருக்கணும்.” சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். “கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழம நான் வர்றேன். அவங்க வேணாம்னு சொன்னா அந்த எடத்துலயே என் போன்ல அழிச்சுர்றேன். சத்தியமா. ஆனா அவங்க சொல்லணும்.”

“அவங்களுக்குப் பேச வராது மிஸ்.”

“வராதுன்னு யாரு சொன்னது? பக்கம் பக்கமா பேசியிருக்காங்களே.”

அன்றிலிருந்து ஞாயிறு வரைக்கும் கட்டுகஸ்தோட்டைக் கடையில் ஒரு வேடிக்கை நடந்தது. கஜலட்சுமி படத்தைப் பார்த்துப் பார்த்துக் கையைப் பழக்கினாள். கொப்பி எடுக்க வந்தவர்கள் காசு கேட்கிறாளாக்கும் என்று பையைத் துழாவினார்கள். அடையாள அட்டையோடு வந்த ஒரு ஐயா, கொப்பிக் கடைப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்துக் கடையில் போய்ச் சொல்லிவிட்டார். டக்ளஸ் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தபோது, “விதியில இப்படி ஒன்னும் இல்லையே கஜா,” என்று மட்டும் சொன்னார். “இல்லாட்டி எழுதிச் சேத்துக்குவோம் அண்ணே,” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கேகாலை பஸ் ஏறி, பேராதனை, பிலிமத்தலாவை கடந்து, மூச்சு வாங்கி மேடேறிய பஸ்ஸிலிருந்து கடுகண்ணாவையில் இறங்கினாள். யோகராஜ் காத்திருந்தான். கடைத்தெருவுக்குக் கீழே கொஞ்சத் தூரத்தில் அவர்கள் வீடு. மூக்காயி முற்றத்தில் சுளகில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். கிழமை நாட்களில் மசாலாச் சரக்குக் கடையில் செய்கிற வேலை, ஞாயிறில் வீட்டுக்கு வந்துவிடும்.

கஜலட்சுமி எதிரே குந்தி உட்கார்ந்து, பழகிவந்த கைகளைத் தூக்கினாள். நான் உங்களிடம் ஒன்று கேட்க வந்தேன். மூக்காயி சுளகைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்து, எட்டிக் கஜலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பி வைத்தாள். இப்போது சரி என்று தலையாட்டினாள். கேள் என்று புருவத்தைத் தூக்கினாள்.

கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. போனில் பக்கத்தைத் திறந்து காட்டினாள். மூக்காயிக்கு அது நன்றாகத் தெரிந்த பொருள். தன் படத்தைத் தொட்டாள், பிறகு கன்னத்தில் விரலைக் குத்திக் குழி காட்டினாள். டிலானிக்குக் கன்னத்தில் குழி விழும் என்று யோகராஜ் முணுமுணுத்தான். கஜலட்சுமி போனைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து, வெறுங்கையை விரித்துக் காட்டினாள். இல்லாமல் ஆக்கிவிடவா?

மூக்காயியின் முகம் மாறியது. ஏன் என்று கேட்டாள். கஜலட்சுமி யோகராஜைக் கைகாட்டினாள். மூக்காயி மகனைப் பார்த்து மறுபடியும் ஏன் என்று கேட்டாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் எழுந்து போய் அவன் நெஞ்சில் தட்டிக் கேட்டாள்.

“காட்டுங்க தம்பி,” என்றாள் கஜலட்சுமி.

“வேணாம் மிஸ். தாங்க மாட்டாங்க.”

“அவங்க கையத்தான் காட்டிச் சிரிச்சிருக்காங்க. ஊரே பாத்தத அவங்க மட்டும் பாக்கக் கூடாதா?”

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். பிறகு வீடியோவைப் போட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

மூக்காயி பார்த்தாள். பாட்டு அவளுக்குக் கேட்காது, ஆட்டம் மட்டும்தான். தரையில் உருண்டவனைக் கண்டதும் அவள் வாய் கோணியது. வீடியோ முடிந்து தானாக மறுபடி ஓடியது. இரண்டாம் தரமும் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி, நான்தான் பெரிய நியாயக்காரி மாதிரி வந்து ஒரு தாயை அழவைத்துவிட்டேன் என்று கஜலட்சுமி தன்னையே திட்டிக்கொண்டாள். போனை எடுத்து நீக்கல் பக்கத்தைத் திறந்தாள். அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போய்விடலாம் என்று முடிவுகட்டிவிட்டாள். விரல் திரையில் இறங்கப் போனது.

மூக்காயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையிலிருந்த மகனின் போனைக் கண்ணருகே கொண்டுபோய், உருண்டவனின் முகத்தை விரலால் பெரிதாக்கினாள். அந்த முகத்தைக் குத்திக் காட்டி, காதோரம் இரு விரலால் வெட்டுவதுபோல் செய்தாள். அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது, கடைத்தெருச் சலூனில் முடி வெட்டுகிறவன். கொண்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.

“அம்மா! எங்க போறீங்க!” என்று யோகராஜ் கத்தினான். காது கேட்காதவளைப் பார்த்துக் கத்துகிறோம் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. இருவரும் பின்னால் ஓடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். பெஞ்சு நிறைய ஆள், வாசலிலும் ஆள். பிரதீஸ் என்கிற அந்த இளந்தாரி ஒருவருக்குப் பாதித் தலை வெட்டிவிட்டு நின்றான். வாசலில் மூக்காயியைக் கண்டதும் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருத்தன் வயிற்றில் கையை வைத்தான்.

மூக்காயி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆமாம், அதுதான் என்பதுபோல். பிறகு பிரதீஸின் முன்னால் நின்று பேச ஆரம்பித்தாள்.

யோகராஜ் வழக்கம்போல மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். அதற்குள் வாசலில் நின்ற வெற்றிலைக் கடைச் சிங்களப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் தன் பாஷையில் சொல்லிவிட்டாள். வயிறு எரிந்ததாம். உள்ளேயிருந்து ஒரு தமிழ்க் குரல், “ராத்திரி தூங்கல்லையாம்,” என்றது. மூக்காயியின் கை ஓடியது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, பயந்து போனேன், பஸ்ஸில் தனியாகப் போனேன். அவளுடைய ஒவ்வொரு அசைவையும் கூட்டத்தில் யாராவது ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள், எல்லாருக்கும் விளங்கியது. சிரிப்பதற்காக வீடியோவைப் பார்த்தவர்கள், எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்று தேடிப்போய் அந்தப் பக்கத்தையும் பார்த்திருக்கிறார்கள். பார்வைக் கணக்கு ஏறிய விதம் கஜலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. கேலி செய்யப் பழகியவர்கள் பாஷையைப் படித்துத் தொலைத்திருந்தார்கள்.

பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவர், “சரிம்மா, சின்னப் பசங்க தானே,” என்று இடையில் புகப்பார்த்தார். மூக்காயி அவர் பக்கம் ஒரு கையை உயர்த்தினாள். கொஞ்சம் பொறுங்கள், யோசிக்கிறேன். சலூனே வாயை மூடிக்கொண்டு பொறுத்தது. அவள் யோசித்தாள். பிறகு பிரதீஸைக் காட்டி, வயிற்றைத் தொட்டு, பிள்ளை சுமப்பதுபோல் கைகளை வைத்தாள். உன்னைப் பெற்றவளுக்கு வயிறு எரிந்தால் அவளிடமும் இப்படித்தான் உருளுவாயா?

யாரும் சிரிக்கவில்லை. பிரதீஸ் கத்தரிக்கோலை மேசையில் வைத்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

அதோடு அவள் விடவில்லை. கடைசியாகக் கையைச் சுழற்றி மூக்கருகே கொண்டுவந்து உதறி ஒன்று செய்தாள். அது விக்கிப் பக்கத்தில் இல்லாத சைகை. ஆனாலும் கூட்டம் முழுதும் விளங்கிக்கொண்டு வெடித்துச் சிரித்தது. வெற்றிலைக் கடைக்காரி கைதட்டி, “ஹரி! ஹரி!” என்றாள், சிங்களத்தில் ‘சரி, சரி’ என்று. பிரதீஸும் தலையைக் குனிந்துகொண்டே சிரித்துவிட்டான். போனை எடுத்து எல்லார் முன்னாலும் வீடியோவை அழித்தான். பிறகு இரு கையையும் நெஞ்சில் வைத்து என்னவோ செய்து பார்த்தான். மன்னிப்புக் கேட்கிறான் போலிருக்கிறது. அதுவும் பிழையாக இருந்தது. மூக்காயி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தி வைத்தாள்.

வெளியே வந்ததும் யோகராஜ் மதில் ஓரமாக நின்றுவிட்டான். “நான் சின்னப் புள்ளையா இருந்தப்பலேர்ந்து அவங்களுக்கு நான்தான் வாயி, மிஸ்,” என்றான். “கடையில, டாக்டர்கிட்ட, எல்லா எடத்துலயும். இன்னைக்கு நான் ஒரு வார்த்த பேசல்ல.” குரல் உடைந்தது. அது சந்தோஷமா வேறு ஏதாவதா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

கஜலட்சுமி முதலில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டாள். கொடுத்த வாக்குக் கொடுத்த வாக்குத்தான். போனைக் காட்டி, முதுகுக்குப் பின்னால் ஒளித்து, வெறுங்கையை விரித்தாள். மூக்காயி அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுப் போனை வெளியே இழுத்தாள். படங்களை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். சலூனில் செய்த அந்தக் கடைசிச் சைகையைச் செய்து காட்டி, அது எங்கே என்று கேட்டாள்.

“டிலானி வசவையெல்லாம் விட்டுட்டா,” என்றான் யோகராஜ். “மரியாதையா இருக்கட்டும்னு.”

மூக்காயி சலூன் சுவரோரம் போய் நேராக நின்று, கமராவை முறைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். எடு என்று மகனுக்குக் கட்டளை. ஒன்றல்ல, வசவுகளே வரிசையாக வந்தன. சிலவற்றுக்கு யோகராஜ் பொருள் சொல்ல மறுத்துவிட்டான். வேண்டுகோளை விட்டுவிடலாம் என்று அவனே சொன்னதும் கஜலட்சுமி டக்ளஸ் அண்ணனுக்கு போன் போட்டாள்.

“வேண்டுகோள் என்னாச்சு கஜா?”

“கேட்டவரே வாபஸ் வாங்குறாரு அண்ணே. பக்கம் வளருது. கொஞ்சம் கெட்ட வார்த்தையும் வரும்.”

“அடக் கடவுளே. சரி, அது கெடக்கட்டும். இணைப்பு? எதுலேர்ந்தாவது ஒன்னு வேணுமே. சும்மா ஒப்புக்குக் குடுத்தா நானே நீக்கிருவேன், சொல்லிட்டேன்.”

அதில் டக்ளஸ் அண்ணன் சொல்வது சரிதான். கஜலட்சுமி மதிலில் சாய்ந்துகொண்டு கடுகண்ணாவை பற்றிய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். புகையிரத நிலையம், கணவாய்ப் பாதை, ஒன்றும் பொருந்தவில்லை. கடைத்தெருப் பக்கத்தைத் திறந்தாள். கடைகள் திறக்கும் நேரம், வாகனம் நிறுத்த இடம், அதற்குக் கீழே ஒரு வரி: இங்கே புழங்கும் மொழிகள், சிங்களம், தமிழ்.

அவள் வாசித்ததைத் தோளுக்கு மேலாக யோகராஜும் வாசித்தான். “நான் எழுதலாமா மிஸ்?” என்று கேட்டு போனை வாங்கினான். பெருவிரலால் மெதுவாக, எழுத்து எழுத்தாக, தமிழுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக அம்மாவின் கைப்பேச்சைச் சேர்த்து இணைப்புக் கொடுத்தான். சேமிக்கிற பொத்தானைத் தொடாமல், போனை அம்மாவிடம் நீட்டினான்.

மூக்காயி ஏன் என்று கேட்டாள். அவன் கையால் சொன்னான்: இந்தக் கடைத்தெருவில் எல்லாருக்கும் நீ பேசுவது விளங்கும் என்று எழுதியிருக்கிறேன், சரியா?

அவள் திரும்பிச் சலூனைப் பார்த்தாள், வெற்றிலைக் கடையைப் பார்த்தாள். பிறகு பொத்தானை அவளே அழுத்தினாள்.